பெரியவர் சாய்ந்த நாள்

கண்ணு,

பூனாவிலிருந்து நீ எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் அப்பா மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். அந்தப் பெரிய டூல்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதம் நம் கம்பெனிக்கே வந்துவிடுகிறேன் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை குரல் தடுமாறியது. ரசத்தில் மிளகு கூடிவிட்டது என்று பழியை என் மேல் போட்டார். பிறகு நீ வந்ததும் செய்யப்போகிற மாற்றங்களின் பட்டியல். கிரைண்டர்களின் ஸ்விட்சை இடது பக்கம் மாற்றுவது, துளை போடுகிற மெஷினில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கண்ணாடி, முலாம் பூசுகிற ஷெட்டுக்குப் புகைபோக்கி. ஒவ்வொன்றுக்கும் உன் அப்பா "கெட்டிக்காரன்" என்றார். நானும் தலையாட்டினேன். ஏழாவதாக நீ எழுதியிருந்தாய்: ஆறுமுகத்தை ஆசிட் தொட்டிகளிலிருந்து எடுத்து கேட்டில் வாட்ச்மேனாகப் போட வேண்டும், ஆசிட்டுக்குத் தாத்தாவின் பெயரை வைத்து விளையாடிய ஆளை, பிறகு அதையே காலில் கவிழ்த்துக்கொண்ட ஆளை, ரசாயனத்தின் பக்கம் விடக் கூடாது. அதற்கும் உன் அப்பா "கெட்டிக்காரன்" என்றார். நான் மோரை அவர் டம்ளருக்குப் பதில் அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் ஊற்றினேன்.

அந்த மோருக்கான காரணம்தான் இந்தக் கடிதம். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. வயதாக ஆக முழங்கால் வலிக்கும் என்றார்கள், சரி. பழைய பொய் வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நீ அந்தக் கதையின் பாதியை அறிவாய். ஊட்டியில் ஹாஸ்டலில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். தாத்தா போய்விட்டார் என்று வார்டன் சொல்லி, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து உன்னைப் பஸ் ஏற்றிவிட்டார். மேட்டுப்பாளையம் வரைக்கும் மலை முழுவதும் அழுதுகொண்டே வந்து, பொழுது சாயும் நேரத்தில் வீட்டு வாசலில் இறங்கினாய். வாடகை நாற்காலியில் உட்கார்ந்து தாத்தா உன்னைப் பார்த்து, "பரீட்சைய உட்டுப்போட்டா வந்தே?" என்று கேட்டார். நீ பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாயா அழுதாயா என்று எங்களுக்கே விளங்கவில்லை. உன் அப்பா சொல்லிச் சொல்லி அந்தக் கதை நம் சொந்தத்தில் தேய்ந்துபோய்விட்டது. ஆறுமுகம் ஆசிட்டைக் கவிழ்த்தான், வேலுச்சாமிக்குப் போனில் பேசத் தெரியவில்லை, கூத்தாகிவிட்டது. இவ்வளவுதான் அவருடைய கதை. அதில் நான் அழுதுகொண்டு ஒரு ஓரமாக வருகிறேன். உண்மையில் நான் ஓரமாக வரவில்லை, அழவும் இல்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிய கையோடு என்னை உன் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணபதிப் பகுதியில் அப்போதுதான் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். பெஞ்ச் கிரைண்டரின் உதிரிகளை ஆசிட்டில் கழுவி முலாம் பூச ஒரு சின்ன ஷெட். படித்த பெண்டாட்டி சும்மா இருக்க வேண்டாம் என்று உன் அப்பா என்னைக் கூட்டிப்போய் அங்கே நிறுத்தினார். நான் பெருமையோடு ஒவ்வொரு கேனிலும் வெள்ளைப் பெயிண்டில் ரசாயனக் குறியீடுகளை எழுதினேன். அந்த ஷெட்டுக்கு ஆறுமுகம் புதிதாகச் சேர்ந்திருந்தார். குறியீட்டைப் பார்த்து, "இது கோயில் எந்திரத் தகட்டுல எழுதறதாட்ட இருக்குதுங்களே, அம்மணி. செருப்பக் கழட்டிட்டு வரோணுமுங்களா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டாரா, கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமே ஒருவர் கந்தக அமிலத்தைக் கரைக்கிறேன் என்று அதன் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டார். கொதித்துத் தெறித்து, அவர் சட்டை சல்லடை ஆயிற்று. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது என்று நான் நூறு தடவை சொன்னேன். எல்லோரும் "சரிங்க" என்றார்கள். நம் ஊர் 'சரிங்க'வுக்கு, கேட்டது என்று அர்த்தம். புரிந்தது என்று அர்த்தமில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அன்று காலையில் உன் தாத்தா என்னோடு கோபித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இட்லியைத் தள்ளி வைத்திருந்தார். கந்தக அமிலமும் அப்படித்தான். புகையாது, மணக்காது, எண்ணெய்போலக் கனத்துச் சும்மா இருக்கும். தொட்டால் தெரியும். நான் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, "இவரு பெரியவருன்னு வெச்சுக்குங்க. பெரியவரு ஒரு இடத்துக்கு வாராருன்னா யாரு முன்னாடி போய்க் காத்திருக்கோணும்?" என்றேன்.

"நாமதானுங்க."

"அவரு உக்காந்திருக்கிற எடத்துல நாம திடுதிப்புனு போய் விழுந்தா?"

"வள்ளுனு விழுவாருங்க."

"அவ்வளவுதான். தண்ணிதான் நாம. தொட்டியில தண்ணி முன்னாடியே காத்திருக்கோணும். பெரியவரு மெதுவா, சன்னமா வருவாரு."

ஆறுமுகம் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்தச் சட்டை பொழைச்சிருக்குமுங்க" என்றார். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அந்த ஷெட்டில் ஒரு துளி தெறிக்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். வெற்றி தலைக்கேறியது. எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 'மாப்பிள்ளை' ஆயிற்று. மேட்டுப்பாளையத்து உன் மாமாவை நினைத்து வைத்தது. தொட்டால் சோப்புப்போல வழுவழுவென்றிருந்து, கொஞ்சம் கழித்து எரிய ஆரம்பிக்கும் காஸ்டிக் சோடா 'நாத்தனார்'; அது உன் அத்தை. நாத்தனாரையும் பெரியவரையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். யாரும் காரணம் கேட்கவில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரைக் கொடுத்தேன். நான் யாருக்கு எதை நினைத்து வைத்தேன் என்பது ஆறுமுகத்துக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொள்ளவில்லை. நம் ஊர் மரியாதை அப்படிப்பட்டது.

இனி அந்த நாள். உன் அப்பா ஒரு கொப்பரைக் களத்தில் மோட்டார் பார்க்கப் பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் போயிருந்தார். வேன் வீட்டில் நின்றது. தாத்தா வழக்கம்போலக் கம்பெனிக்குக் கிளம்பிப் போயிருந்தார். அப்படித்தான் நான் நினைத்தேன்; அவர் வழியில் முடி வெட்டிக்கொள்ள இறங்கிவிட்டது எனக்குத் தெரியாது. பத்து மணிக்குப் போன் அடித்தது. லேத்தில் வேலை செய்கிற வேலுச்சாமி.

"அம்மணி, வேலுச்சாமி பேசறனுங்க. நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கறனுங்க. சொல்லுங்க."

"டிபன் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க, வேலுச்சாமி. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லீங்க. பெரியவரு சாஞ்சுபோட்டாருங்க."

பேர் வைத்தவள் நான். இருந்தும் அந்த நொடியில் எனக்குக் கேன் ஞாபகம் வரவில்லை. உன் தாத்தாவின் முகம்தான் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "எப்பங்க?" என்றேன்.

"இப்பத்தானுங்க. நாங்க ஆனமட்டும் புடிச்சுப் பார்த்தமுங்க, நிக்கலீங்க. நல்லாக் கனமுங்களே. ஆறுமுகத்தோட காலு மேலதான் விழுந்தாருங்க. அவனுக்குத்தானுங்க டாக்டரு வேணும்."

பெரியவரே போய்விட்டார், காலில் இடித்துக்கொண்டதற்கு ஒரு டாக்டரா என்று எனக்குக் கோபம் வந்தது.

"பெரியவரு மேல மண்ணப் போட்டு மூடிட்டமுங்க" என்றார் வேலுச்சாமி.

"அதுக்குள்ளயா! ஏனுங்க, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்குதுங்களா?"

"நீங்கதானுங்களே அப்படிச் செய்யோணுமுன்னு சொல்லிக் குடுத்தீங்க."

துக்கத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். "யாரும் இனி ஒண்ணும் செய்யாதீங்க. பெரியவரை மொதல்ல ஊட்டுக்குக் கொண்டு வாங்க. ஒறம்பரை எல்லாம் வந்து பார்க்கோணும்" என்றேன்.

போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "சரிங்க அம்மணி. மிச்சம் இருக்கறவரத்தானுங்க கொண்டு வர முடியும். வண்டி மட்டும் அனுப்புனீங்கன்னா, ஆறுமுகத்தையும்..."

"வண்டிக்கு இங்க வேலை இருக்குதுங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

கண்ணு, இந்த வரியை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். ஒரு மனிதனின் கால் எரிந்துகொண்டிருந்தது, அவரைத் தூக்கிப்போக ஒரு வண்டி கேட்டார்கள், நான் இல்லை என்றேன். அந்த வேனைத்தான் உன் அப்பாவைக் கூட்டிவரப் பொள்ளாச்சிக்கு அனுப்பினேன். கிணத்துக்கடவு போய்ச் சேர்வதற்குள் டிரைவர் இரண்டு இடத்தில் நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டார். எந்தப் பெரியவர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஆனால் மாமனார் செத்துப்போனார் என்று ஒருவர் சொல்லும்போது, 'எந்த மாமனார்' என்று எப்படிக் கேட்பது? மரியாதையாக இருக்காதே என்று விட்டுவிட்டேன்.

சொல்லத் தொடங்கிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அழுகை வரவில்லை. முன்னறையில் அவர் பதினைந்து வருஷமாக மாற்ற விடாத அந்தப் பச்சைப் பெயிண்டை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இளம் ரோஜா நிறம் வரைக்கும் யோசித்துவிட்டேன். பிறகு வெட்கமாகி, அந்த வெட்கத்தில் இரண்டு மடங்கு வேலை பார்த்தேன். சாமியானா, நாற்காலி, ஐஸ், ஊட்டிக்கு ஒரு போன், மேட்டுப்பாளையத்துக்கு ஒரு போன். உன் அத்தை போனிலேயே ஒப்பாரியைத் தொடங்கி, ஏழெட்டு வரி ஆனதும் நிறுத்தி, "மிச்சத்த அங்க வந்து பார்த்துக்கறேன்" என்று வைத்தாள்.

பதினொன்றரை மணிக்கு உன் தாத்தா வந்தார். புதுசாக முடி வெட்டி, கழுத்தில் பவுடர் வெள்ளையாக, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தெருமுனையில் பஸ் இறங்கி நடந்து வந்தார். நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவரிடம், "ஏனுங்க, ஆரு ஊட்டு எழவுங்க?" என்று கேட்டிருக்கிறார். "இந்த ஊட்டுப் பெரியவருங்களாமா" என்றிருக்கிறார் அவர். "அட பாவமே" என்று தாத்தா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் எப்படிச் சொல்வது? ஒருத்தி எழுந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உள்ளேயிருந்து வந்து, இவ்வளவு வேலை கிடக்கிறது, இவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு நொடி எரிச்சல்பட்டேன். சத்தியமாக அதுதான் முதலில் வந்தது. அதன் பிறகுதான் கையிலிருந்த ஊதுபத்திக் கட்டு கீழே விழுந்தது.

"ஆரு போனது, அம்மணி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடகை டெம்போ வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். புதுக் கேன் ஒன்றைச் சாக்கில் சுற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, துளி அசங்காமல் நடந்து வந்து சாமியானாவின் நடுவே வைத்தார்கள். வேலுச்சாமி என்னைப் பார்த்து, "பாதிதான் மிஞ்சுச்சுங்க" என்றார், உண்மையான வருத்தத்தோடு. ஒரு கிழவி கேனைப் பார்த்து அழ ஆரம்பித்து, சந்தேகம் வந்து நிறுத்தினாள்.

தாத்தா எழுந்து வந்து கேனைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிய இரண்டு நிமிஷம் பிடித்தது. பிறகு, "இதுக்கு எம்பேர வெச்சது ஆரு?" என்று கேட்டார்.

வேலுச்சாமி குனிந்து கேன் மேல் சாக்கைச் சரிசெய்தார். டெம்போவின் பின்பக்கம் ஆறுமுகம் உட்கார்ந்திருந்தார். இடது கால் தண்ணீர் வாளிக்குள். பெரியவரை முதலில் வீட்டில் விட்டுவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று, என் உத்தரவுப்படி, அந்தக் காலோடு அவரை அவ்வளவு தூரம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் கேனைப் பார்த்தேன்.

"நானுங்க பெரியவரே. தப்புங்க" என்றார் ஆறுமுகம்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தேன். வாளித் தண்ணீரை வழியெல்லாம் மாற்றிக்கொண்டே வந்ததால் கால் தப்பியது என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் விரல்களும் தப்பியிருக்கும் என்றும் சொன்னார். இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. இப்போதும் அவர் ஈரத்தரையில் நடக்கும்போது அந்தக் காலை ஒரு கணம் யோசித்துத்தான் வைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், உன் தாத்தாவுக்குக் கோபம் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. கம்பெனிக்குப் போனதும் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "நம்மாளு எப்படி இருக்கறான்?" என்று கேட்க ஆரம்பித்தார். எல்லா ஆசிட்டிலும் அதுதான் கனமானது என்று யாரோ சொன்னதில் அவருக்கு ஏகப் பெருமை. என்னிடம் மட்டும் ஒரு நாள், "எல்லாரும் அழுதாங்களாமா. உன்ர அழுகையைத்தான் காணமாம்" என்றார். முன்னறை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. போன வருஷம் அவர் நிஜமாகவே போனபோது நான் மேட்டுப்பாளையத்துக்குப் போன் செய்தேன். உன் அத்தை, "எந்தப் பெரியவருங்க? நல்லாப் பார்த்துட்டீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று கேட்காதே.

உன் கடிதம் வந்த மறுநாள் கம்பெனிக்குப் போனேன். நீ பூனாவிலிருந்து முன்கூட்டியே அனுப்பச் சொன்ன, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற புது ரசாயன டிரம் வந்து ஷெட் ஓரத்தில் நின்றது. ஆறுமுகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்குப் பேரு வெச்சது நாந்தான்னு சொல்லியிருக்கோணுமுங்க. சொல்லாம உட்டுட்டேன்" என்றேன். ஒன்பது வருஷம் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"நீங்க சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு வேலையா ஆயிருக்குமுங்க, அம்மணி. காலையும் பார்த்துக்கோணும், உங்க ஊட்டுச் சண்டையையும் பார்க்கோணும்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "வண்டியக் குடுத்திருக்கலாமுங்க" என்றார்.

நான் அந்தக் கையுறையை வாங்கி ஆணியில் மாட்டினேன். 

இதுவரை எழுதியதை உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "டிஸ்டில்டு வாட்டரா நானு?" என்று மட்டும் கேட்டார். ஏழாவதன் மேல் அவரே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டார். உன் பட்டியலில் கோடு போட வேண்டியது நீதான், அவரில்லை. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். பெயர்களை நீ தாராளமாக மாற்று. ஒரு பெயரால் ஒருவர் கால் வெந்துபோகும் என்றால் அது நல்ல பெயரில்லை. ஆளுயர எழுத்தில், தமிழில், எது என்னவென்று எழுதிவை. ஆனால் அதை ஆறுமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுது. பதினைந்து வருஷம் தெறிக்காத ஒரு ஷெட்டைக் காப்பாற்றியது என் படிப்பில்லை, அவருடைய கைதான். அந்த ஒரு நாளுக்கான பழியை அவர் கேட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதை எனக்கு அனுப்பிவிடு.

இன்னொன்று. கிளம்பும்போது அந்தப் புது டிரம்மைக் காட்டி, "இதுக்கு ஏதாச்சும் பேரு வெச்சிருக்கீங்களா?" என்று ஆறுமுகத்திடம் கேட்டேன். தயங்கினார். பிறகு சொன்னார்: "முழுக்க இங்கிலீசுங்க. புகையில்ல, மணமில்ல, பாக்கறதுக்குத் தண்ணியாட்டவே இருக்குதுங்க. என்ன பண்ணுமுன்னு இன்னும் தெரியலீங்க. அதனால இப்போதைக்குச் சின்னவருன்னு சொல்லிக்கறமுங்க. பழகுற வரைக்கும் சித்தே தள்ளியே நிக்கறமுங்க."

இந்தத் தடவை பெயர் வைத்தது நான் இல்லை, கண்ணு.

அந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்றுதான். தொட்டியில் தண்ணீர் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறது. நீ மெதுவாக வா.

உன்
அம்மா